ஏரியை அளக்க யார் பணம் தருவது?

கண்மாய்க்குள் பொக்லைன் இறங்கிவிட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் கரையில் வந்து நின்றுவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோடையில் அப்படித்தான் நின்றோம். டிராக்டர்கள் வரிசையாக வண்டல் ஏற்றிக்கொண்டு போயின. மடைக்கு நேர் எதிரே ஆளுயரத்துக்கும் மேல் பள்ளம் விழுந்துகொண்டிருந்தது. பல காலம் நீர் பாய்ச்சிய பெரியவர் ஒருவர் மேற்பார்வை பார்த்த இளைஞரிடம் கேட்டார்: "தம்பி, மடை வாய் அங்க மேல இருக்கு. நீங்க அதுக்குக் கீழ தோண்டுறீங்க. இந்தத் தண்ணி எப்படிப்பா வயலுக்கு ஏறும்?" அந்த இளைஞரிடம் பதில் இல்லை. கையில் இருந்த தாளில் எத்தனை கன மீட்டர் மண் எடுக்க வேண்டும் என்று இருந்தது. மடையின் அடிமட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று இல்லை.

அடுத்த மழைக்குக் கண்மாய் நிரம்பியது. பள்ளத்தில் நின்ற தண்ணீர் மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் பணம் ஒதுக்கப்பட்டது ஆயக்கட்டுப் பாசனத்துக்காக, அதாவது கண்மாய்த் தண்ணீரை நம்பியிருக்கும் வயல்களுக்காக. ஆயக்கட்டுக்கு ஒரு தண்ணி கூடுதலாகப் பாயவில்லை. இரண்டு மூன்று நாள் லெவல் கருவியை வைத்து மட்டம் எடுத்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். அந்த இரண்டு மூன்று நாள் வேலைக்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை.

சின்ன அணைகள், ஏரிகள், கண்மாய்கள் பற்றிப் பேசும்போதெல்லாம் தூர்வாரப் பணம் ஒதுக்கினார்களா, எவ்வளவு ஒதுக்கினார்கள் என்றுதான் கேட்கிறோம். தூர்வாருவதற்கு முன்னால் அளந்து பார்க்கப் பணம் ஒதுக்கினார்களா என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்று நான் நம்புகிறேன்.

தமிழ்நாட்டில் பாசன ஏரிகள் சுமார் 39,000. இவற்றில் 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏறக்குறைய 14,000 ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பு. மீதி ஊராட்சி ஒன்றியங்களிடம் இருக்கின்றன. ஊருணி, குட்டை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் கணக்கு இன்னும் பெரிது. 2023இல் வெளியான முதல் தேசிய நீர்நிலைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுக்கு 1,06,957 என்று சொல்கிறது. நாட்டிலேயே ஏரிகள் மிகுந்த மாநிலம் இது என்றும் சொல்கிறது. எண்ணிக்கை தெரிந்துவிட்டது, நல்லது. ஆனால் ஓர் ஏரி இருக்கிறது என்று தெரிவது வேறு. அதன் கரை எத்தனை அடி தேய்ந்திருக்கிறது, உபரி நீர் வழியும் கலங்கல் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும், வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிவது வேறு.

பணம் எந்த வழியில் வருகிறது என்று பார்த்தால் சிக்கல் புரியும். மாநில அரசின் சொந்த ஒதுக்கீடு ஒன்று. நபார்டு வங்கி 1995-96 முதல் நடத்திவரும் ஊரக உள்கட்டமைப்பு நிதியிலிருந்து வாங்கும் கடன் ஒன்று. மத்திய அரசு 2005இல் முன்னோட்டமாகத் தொடங்கிய நீர்நிலைகளைப் பழுதுபார்த்து மீட்கும் திட்டம், உலக வங்கிக் கடன், ஊரக வேலை உறுதித் திட்டம், எம்.எல்.ஏ. தொகுதி நிதி, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி என்று இன்னும் நீளும். பெரிய தொகை தரும் எந்த வழியும் முதலில் கேட்பது விரிவான திட்ட அறிக்கையை. டி.பி.ஆர். கொடுத்தால்தான் பணம். டி.பி.ஆர். எழுத மட்டம் எடுக்க வேண்டும், மண் சோதிக்க வேண்டும், மழைநீர் வடிந்து வந்து சேரும் நீர்ப்பிடிப்பைக் கணக்கிட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தக்கூடிய பெரிய அணைக்கு இது ஒரு தடையே இல்லை. நூற்றுக்கணக்கான நீர்நிலைகளோடு சாலை, பள்ளிக் கட்டடம், தொகுப்பு வீடு எல்லாவற்றையும் ஒருசில பொறியாளர்களை வைத்துச் சமாளிக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கு இது தாண்டமுடியாத சுவர். ஆகவே அவர்கள் என்ன செய்வார்கள்? போன தடவை போட்ட மதிப்பீட்டை எடுத்து, விலைவாசியை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளக்க ஆளும் இல்லை, நாளும் இல்லை.

ஊராரும் பங்கெடுத்து ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்துத் திட்டம் 2017இல் மீண்டும் தொடங்கியபோது முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய்க்கு 1,519 பணிகள் எடுத்தார்கள். சராசரியாகப் பணி ஒன்றுக்கு ஆறரை லட்சம். 2019-20இல் ஏறக்குறைய 500 கோடிக்கு 1,829 பணிகள், சராசரி 27 லட்சம். விவசாயிகள் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்ற விதி நல்ல விதி. பல ஊர்களில் மக்கள் உண்மையாகவே முன்வந்தார்கள். ஆனால் ஆறரை லட்சத்தை வைத்துக்கொண்டு ஓர் ஏரியில் எது முதல் வேலை என்று முடிவு செய்வதுதான் கடினம். கரையா, கலங்கலா, மடையா, வரத்துக் காலா? அதைச் சொல்வதற்குத்தான் ஆய்வு.

தூர்வாருவதையே எடுத்துக்கொள்வோம். 50 ஹெக்டேர் நீர்ப்பரப்பு உள்ள நடுத்தர ஏரி ஒன்று. அதில் 30 சென்டிமீட்டர், ஓரடி அளவுக்கு வண்டல் படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1,50,000 கன மீட்டர் மண், ஏறக்குறைய 53 லட்சம் கன அடி. இரண்டு யூனிட் ஏற்றும் டிப்பர் ஒரு நடைக்கு 200 கன அடி எடுக்கும் என்றால் சுமார் 26,500 நடை. ஒரு நாளைக்கு 100 நடை ஓடினாலும் ஒன்பது மாதம் ஆகும். நம் ஏரிகளில் ஒரு கோடையில் நடப்பது சில நூறு நடை, மிஞ்சினால் சில ஆயிரம். ஆகவே முழு ஏரியையும் ஆழப்படுத்துவது என்ற பேச்சே பெரும்பாலும் நடக்காத காரியம். எந்த மூலையில், எந்த மட்டம் வரை எடுத்தால் பாசனத்துக்குப் பயன்படும் கொள்ளளவு கூடும் என்று தெரிந்து அங்கே மட்டும் எடுப்பதுதான் வழி. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எடுக்கும் மண்ணால் தண்ணீர் தேங்கும், வயலுக்குப் பாயாது. கரையின் காலடியில் எடுத்தால் இன்னும் ஆபத்து. நூறாண்டாக இறுகிய களிமண் படுகையைக் கிழித்துவிட்டால் கரைக்கு அடியில் கசிவு தொடங்கும். கசிவு நாளடைவில் குழாய்போல வழி பிடிக்கும். அப்புறம் ஒரு மழை இரவில் கரை உட்காரும்.

கலங்கல் கணக்கு இதைவிட முக்கியமானது. உபரி நீர் வழிந்து போகும் கலங்கல், தென்மாவட்டங்களில் மறுகால் என்பார்கள், அது சிறிதாக இருந்தால் கரைமேல் தண்ணீர் ஏறும். மண்கரை மேல் தண்ணீர் ஏறினால் சில மணி நேரத்தில் கரை போய்விடும். நம் ஏரிக் கலங்கல்களின் அளவைத் தீர்மானிக்கப் பெரும்பாலும் பயன்படுவது ரைவ்ஸ் சூத்திரம். 1884இல் சென்னை மாகாணத்துக்காக உருவாக்கியது. நீர்ப்பிடிப்பின் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் என்றால் அந்த மாறிலி 6.8, அதற்கு அப்பால் 160 கிலோமீட்டர் வரை 8.5, மலையடிவாரத்தில் 10.2. காகிதமும் பென்சிலும் போதும். வேறு எந்தத் தரவும் இல்லாத காலத்துக்கு அது பெரிய சாதனை.

இப்போது போட்டுப் பாருங்கள். கடலோரத்தில் 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு உள்ள ஒரு குளம். சூத்திரப்படி கலங்கல் நொடிக்குச் சுமார் 32 கன மீட்டர், அதாவது 1,100 கன அடி தண்ணீரை வெளியேற்ற வேண்டும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். அதே மழை இந்த 10 சதுர கிலோமீட்டரிலும் பெய்தால் 95 லட்சம் கன மீட்டர் தண்ணீர். மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் இறங்கிவிட்டது என்று தாராளமாகக் கழித்து, மீதியை நாள் முழுவதும் சீராகப் பிரித்தால்கூட நொடிக்கு 70 கன மீட்டரைத் தாண்டுகிறது. கலங்கல் தாங்குவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். மழை சீராகப் பெய்வதில்லை என்பதால் உச்ச வேளையில் இன்னும் அதிகம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் அந்த இரண்டு நாளில் குளங்கள் ஏன் அடுத்தடுத்து உடைந்தன என்று வியக்க எதுவும் இல்லை.

எல்லாக் கலங்கலையும் காயல்பட்டினத்து மழைக்கு ஏற்பக் கட்ட வேண்டும் என்று சொல்லவரவில்லை. அது முடியாது, தேவையும் இல்லை. இந்தியத் தர நிர்ணயத்தின் 1985ஆம் ஆண்டு விதி, ஒரு கோடி கன மீட்டருக்குக் குறைவாகத் தேக்கும் சிறிய அணைகளுக்கு நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைத் தாங்கும் வசதி வேண்டும் என்கிறது. சரி, அந்த நூறாண்டு வெள்ளம் நம் ஊர்க் குளத்துக்கு எவ்வளவு? பக்கத்து மழைமானியின் பல பத்தாண்டுப் பதிவு வேண்டும், நீர்ப்பிடிப்பில் எவ்வளவு வீட்டுமனையாகிவிட்டது என்று தெரிய வேண்டும், மேலே இருக்கும் ஏரிகள் எவ்வளவைத் தடுக்கும் என்று தெரிய வேண்டும். ஒருவர் உட்கார்ந்து, களத்துக்கும் போய், சில வாரம் செய்ய வேண்டிய வேலை இது. முடிவு கலங்கலை அகலப்படுத்துவதாக இருக்கலாம், கரையை ஒன்றரை அடி உயர்த்துவதாக இருக்கலாம், மேல் ஏரியின் வரத்துக் காலில் உள்ள ஒரு குறுகிய பாலத்தை மாற்றுவதாகவும் இருக்கலாம். செலவு ஒவ்வொன்றுக்கும் வேறு.

மேல் ஏரி என்றேன் அல்லவா, நம் ஏரிகள் தனித்தனி இல்லை. ஒன்றின் மறுகால் அடுத்ததன் வரத்து. சங்கிலி. மேல் ஏரியின் கரையைப் பலப்படுத்தி, கலங்கலை அகலப்படுத்திவிட்டு, கீழ் ஏரியை அப்படியே விட்டால் வெள்ளத்தைக் கீழ் ஊருக்குத் தள்ளிவிட்டதாக ஆகும். கலங்கல் மட்டத்தை ஓரடி உயர்த்தினால் ஏரியின் உள்பக்க ஓரமான உள்வாயில் பட்டா நிலம் மூழ்கும், மேல் ஊரோடு சண்டை வரும். ஆகவே ஆய்வை ஒரு ஏரிக்கு என்று செய்யாமல் ஒரு சங்கிலிக்கு என்று செய்ய வேண்டும். ஒரு சங்கிலியில் மூன்று ஏரி நீர்வளத்துறையிடம், ஐந்து ஏரி ஒன்றியத்திடம் என்று இருந்தால் இந்த ஆய்வுக்கு யார் பணம் போடுவது? இங்கேதான் கதை நின்றுபோகிறது.

இதற்கு விடை ஏற்கெனவே ஒருமுறை கிடைத்திருக்கிறது, அதுவும் 140 ஆண்டுக்கு முன்னால். 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் செத்த பிறகு, 1883இல் ஏரி மீட்புத் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. அதற்கென்றே அமர்த்திய அளவைக் குழுக்கள் ஆற்றுப்படுகை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு ஏரி ஏரியாகப் போயின. நீர்ப்பிடிப்பு எவ்வளவு, கரையின் நீளமும் உச்சி மட்டமும், முழுக்கொள்ளளவு மட்டம், கலங்கலின் நீளம், ஒவ்வொரு மடையின் அடிமட்டம், ஆயக்கட்டு என்று அளந்து ஏரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு எழுதினார்கள். பொதுப்பணித்துறைக்காரர்கள் அதை 'டேங்க் மெமாயர்' என்பார்கள். இன்றும் எஃப்.டி.எல்., அதாவது முழுக்கொள்ளளவு மட்டம், எவ்வளவு என்று தகராறு வந்தால் பிரித்துப் பார்ப்பது அந்த ஏட்டின் வழிவந்த பதிவுகளைத்தான். வெள்ளைக்காரன் வரி வசூலுக்காகச் செய்தான் என்பது உண்மை. கரை மராமத்துக்கு ஊரார் கட்டாயமாக வேலைக்கு வர வேண்டும் என்று 1858இல் சட்டம் போட்ட அதே அரசுதான். ஆனால் அளவெடுப்பது தனி வேலை, அதற்குத் தனிப் பணம், தனி ஆள் வேண்டும் என்ற புரிதல் அப்போது இருந்தது. அந்த ஏட்டில் உள்ள எண்களில் பல இன்றைய ஏரிக்குப் பொருந்தாது. வண்டல் படிந்திருக்கிறது, கரை தேய்ந்திருக்கிறது, வரத்துக்காலுக்கு மேல் ரோடு வந்திருக்கிறது. ஏட்டை முழுமையாகப் புதுப்பிக்கும் வேலை மட்டும் நடக்கவே இல்லை.

அங்கங்கே நடந்திருக்கிறது. உலக வங்கிக் கடனில் 2007இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் தனித்தனி ஏரி என்று போகாமல் உபவடிநிலம், அதாவது ஆற்றுப்படுகையின் ஒரு பகுதி, என்ற அலகை எடுத்துக்கொண்டது. மாநிலத்தில் இப்படி 127 உபவடிநிலங்கள் உண்டு. நீர்வளம், வேளாண்மை, மீன்வளம் எல்லாத் துறையும் ஒரே வடிநிலத்துக்கு ஒன்றாகத் திட்டம் போட்டன. அதன் தொடர்ச்சியாக 2017 டிசம்பரில் 31.8 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தமானது, சுமார் 4,800 ஏரிகளைச் சீரமைக்க. வெளிக்கடன் என்பதாலேயே கணக்கெடுப்பும் வடிவமைப்பும் திட்டச் செலவுக்குள்ளேயே அடங்கின. அதில் ஒரு பாடம் இருக்கிறது: பணம் தருபவர் ஆய்வைக் கட்டாயமாக்கினால் ஆய்வு நடக்கிறது. கடன் முடிந்தால் ஆய்வும் முடிந்துவிடுகிறது.

பெரிய அணைகளுக்கு இந்தக் கட்டாயத்தைச் சட்டமே கொண்டுவந்துவிட்டது. 2012இல் பல மாநிலங்களில் தொடங்கிய அணைப் புனரமைப்புத் திட்டத்தில் முதலில் 223 அணைகள், 2020இல் ஒப்புதல் பெற்ற அடுத்த கட்டங்களில் 736 அணைகள், 10,211 கோடி ரூபாய். சிமென்ட் வேலைக்கு முன்னால் வெள்ளக் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பது, அணை உடைந்தால் எந்த ஊர் மூழ்கும் என்று வரைபடம் எழுதுவது எல்லாம் அந்தத் திட்டத்திலேயே இருக்கின்றன. மறுகணக்கில் பல அணைகளின் வடிவமைப்பு வெள்ளம் பழைய எண்ணைவிடக் கூடியிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், ஐந்து ஆண்டுக்குள் முதல் முழுமையான பாதுகாப்பு மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்று அணை உரிமையாளரை, பெரும்பாலும் மாநில அரசை, கட்டுப்படுத்துகிறது. ஆனால் அந்தச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் இருந்து நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளில் ஒன்றிலாவது அடங்குபவற்றுக்கும் மட்டும்தான். நம் ஏரிகளில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழே.

சின்னது என்றால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறிய மண் அணை 2019 ஜூலை 2 இரவில் உடைந்தது. கீழே இருந்த வீடுகள் தூக்கத்திலேயே அடித்துச் செல்லப்பட்டன, இருபது பேர் அளவுக்கு இறந்தார்கள். கசிகிறது என்று ஊர்மக்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். கசிவு எங்கிருந்து, எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று உரிய நேரத்தில் அளப்பது ஒரு ஆய்வு. அதற்கான செலவை அந்த இழப்போடு வைத்துப் பேசவே கை கூசுகிறது.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் 2008இல் ஒரு சட்டம் போட்டு, நீர்ச் சிக்கனம், மறுபயன்பாடு, தேக்கம் ஆகியவற்றுக்கான சாத்தியக்கூறு ஆய்வுக்கென்றே மானியம் தொடங்கியது. கட்டுவதற்கு அந்த மானியத்தில் ஒரு காசு கிடையாது. பாசன சங்கமோ சிற்றூரோ விண்ணப்பிக்கலாம், அரசு தரும் அளவுக்கு அவர்களும் போட வேண்டும். பெரிய தேக்கம் என்றால் ஆற்றில் எவ்வளவு விட வேண்டும், மாற்று வழி உண்டா என்பதையும் ஆய்வில் சேர்க்க வேண்டும். ஆய்வின் முடிவு 'வேண்டாம்' என்று வந்தாலும் பணம் வீணானதாகக் கருதுவதில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பிடித்தது. இங்கே ஆய்வு என்பது ஏற்கெனவே முடிவான வேலைக்குத் தாள் சேர்ப்பதாக இருக்கிறது.

ஆய்வு என்று சொன்னதுமே விவசாயிகள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். 'அளந்துட்டுப் போனாங்க, அப்புறம் ஒண்ணும் வரல' என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அறிக்கை அலமாரிக்குள் போய்விட்டால் அது ஊருக்கு இல்லாததுதான். ஆகவே ஆய்வுக்குப் பணம் கேட்கும்போதே இரண்டு நிபந்தனையையும் கேட்க வேண்டும். மடை மட்டம், கலங்கல் மட்டம், கொள்ளளவு அட்டவணை, வரத்துக்கால் வரைபடம் ஆகியவை தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் இருக்க வேண்டும். அளவெடுக்க வருபவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியையோ மடை திறக்கும் ஆளையோ கூட்டிக்கொண்டு கரையை நடந்து முடிக்க வேண்டும். எந்த இடத்தில் கரை ஊறும், எந்த வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பது அவருக்குத் தெரியும். மழைமானிக்குத் தெரியாது.

காலமும் முக்கியம். நம் பணம் மார்ச்சில் முடியும் நிதியாண்டுக் கணக்கில் ஓடுகிறது, நம் மழை அக்டோபரில் வருகிறது. ஒதுக்கீடு வந்து டெண்டர் முடிந்து இயந்திரம் இறங்கும்போது பெரும்பாலும் ஆடி பிறந்துவிடும். ஒரு மழைக்காலம் முழுக்க ஏரி எப்படி நிறைகிறது, எப்படி வழிகிறது என்று பார்த்து, தை மாதத்தில் மட்டம் எடுத்து, அடுத்த கோடையில் வேலை தொடங்குவதுதான் முறை. அதற்கு வேலை ஒதுக்கீட்டுக்கு ஓராண்டு முன்பே ஆய்வுப் பணம் வர வேண்டும். இரண்டையும் ஒரே மதிப்பீட்டில் போட்டால் இது ஒருநாளும் நடக்காது.

குடியரசு தினத்தன்று நடக்கும் கிராம சபை இதைக் கேட்க ஏற்ற நேரம். ஏரியில் தண்ணீர் இருக்கும், கசிவு கண்ணுக்குத் தெரியும். தூர்வாரக் கோரி வழக்கமாகப் போடும் தீர்மானத்துக்குப் பதிலாக, ஏரியின் பழைய மெமாயர் நகலும், இன்றைய மட்டங்களை எடுக்க நிதியும் கோரி ஒரு தீர்மானம் போடலாம். எங்கள் ஊரில் அடுத்த தை மாதத்துக்கு அப்படி ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். மடையின் அடிமட்டம் என்ற சொல்லைப் பெரியவர் கேட்டுச் சேர்க்கச் சொன்னார்.